அரியநாச்சியின் மூன்றாவது காது

வெள்ளூரணியில் பச்சை குத்தின உருவங்களுக்கு உயிர் வந்து இரண்டு பங்குனி கழிந்து மூன்றாவது பங்குனியும் பிறந்துவிட்ட சமயத்தில்தான், வடக்குத் தெரு அரியநாச்சிக்கு, ஐம்பத்தேழு வயதில், தன் உடம்பிலும் ஒன்று குத்திக்கொள்ள வேண்டும் என்று முதல் தடவையாக ஆசை வந்தது. அவள் ஆசைப்பட்டது மயிலுக்கு இல்லை, ரோஜாவுக்கு இல்லை, பிள்ளைகள் பேருக்கும் இல்லை, ஒரு காதுக்கு.

உயிர் எப்படி வந்தது என்று ஊரில் யாரும் அதிகம் கிளறவில்லை. மாசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் ஆட்டோக்காரர் தவசியின் புஜத்தில் இருந்த மயில் அகவியது, அவ்வளவுதான். தவசி அப்போது பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "சும்மா கெட, பிள்ளைக தூங்குதுக" என்று அதை அதட்டிவிட்டுச் சவாரிக்குப் போய்விட்டார். அன்றைக்கு மதியத்துக்குள் கறிக்கடை மாடசாமியின் மார்பில் இருந்த புலி எலும்பு வெட்டும் சத்தத்துக்கு நாக்கைச் சுழற்றியது, அமுதா டீச்சரின் மணிக்கட்டு ரோஜா மணத்து முன்பெஞ்சுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொண்டன, கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய குருசாமியின் தோளில் இருந்த நங்கூரம் கனத்து அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்க ஆரம்பித்தார், தையல்காரர் அன்று முதல் அவருக்கு ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் சட்டை தைத்துக் கொடுத்தார். செல்லப்பாண்டி கல்யாணத்துக்கு முன்னால் நெஞ்சில் எழுதி வைத்திருந்த புஷ்பா என்ற பேர், தெருவில் எந்தப் புஷ்பாவை யார் கூப்பிட்டாலும் "இந்தா வந்துட்டேன்" என்று பதில் சொன்னது. அவர் மனைவி கோபித்துக்கொண்டு ஒரு வாரம் தாய் வீட்டில் இருந்தாள், பிறகு திரும்பி வந்து, "புஷ்பா, அவர அரிசி வாங்கிட்டு வரச் சொல்லு" என்று அந்தப் பேரிடமே வேலை ஏவப் பழகிக்கொண்டாள்.

இப்படி எல்லாவற்றுக்கும் ஊர் ஒரு வழி கண்டது. புலிக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று பஸ்ஸில் சண்டை வந்தபோது, தோலை விட்டு இறங்காதது எதுவும் லக்கேஜ் ஆகாது என்று டிப்போவில் முடிவு செய்தார்கள். தேள் வைத்திருப்பவர்கள் சினிமாக் கொட்டகைக்கு முழுக்கைச் சட்டை போட்டு வரவேண்டும் என்று எழுதி மாட்டினார்கள். முத்தாலம்மன் கோயில் பூசாரி, வெள்ளிக்கிழமை தோறும் பாம்பு குத்தினவர்களைத் தனி வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஒரு கரண்டி பால் கையில் விட்டார். பால் தோலுக்குள் இறங்குவதை அரியநாச்சியே பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டு, எல்லா உயிரும் உன் பிள்ளைதானே தாயே என்று கும்பிட்டுக்கொண்டு அடுத்த சந்நிதிக்கு நகர்ந்திருக்கிறாள்.

அவளுக்குக் காது போனது இரண்டு வருஷத்துக்கு முன் வந்த காய்ச்சலில். வலது காதை முழுசாகவும் இடது காதில் முக்கால்வாசியையும் அந்தக் காய்ச்சல் எடுத்துக்கொண்டு போய்விட்டது. டாக்டர் கொடுத்த மிஷினை மாட்டிப் பார்த்தாள். அது மிக்ஸி சத்தத்தையும் குக்கர் விசிலையும் கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரையும் ஒரே வாளியில் அள்ளிக் காதுக்குள் கொட்டியதே தவிர, அவளுக்கு வேண்டிய ஒரு சத்தத்தைக் கொண்டு வரவில்லை. அது அவள் மகன் செண்பகராஜின் சத்தம்.

மகள் இந்துமதி திருப்பூரிலிருந்து போனில் பேசினால் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும், அவளைப் பற்றிக் கவலை இல்லை. செண்பகராஜுக்குப் பிறவியிலேயே சன்னமான குரல். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது உள்ளேன் ஐயா என்று சொல்லியும் பாதி நாள் வராதவன் கணக்கில் எழுதிவிடுவார்கள். இப்போது இருபத்தெட்டு வயது, பால் சொசைட்டியில் பால் பரிசோதிக்கிற வேலை. பாலிடம் கத்திப் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாக, சாயங்காலம் அவள் விளக்கேற்றி முடித்ததும் அவன் அடுக்களை வாசலில் வந்து உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொல்வான், அவள் கேட்டுக்கொண்டே தோசை ஊற்றுவாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் ஒவ்வொரு வார்த்தைக்கும் "என்னப்பா, என்னப்பா" என்று கேட்க வேண்டி வந்தது. உதட்டைப் பார்த்தால் உதடும் அவனுக்கு அதிகம் அசையாது. மூன்றாம் தடவை கேட்டதும் அவன் அவள் கைமேல் கை வைத்து, ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிடுவான். இப்போது ஆறு மாதமாக அவன் ஆரம்பிப்பதே இல்லை. வந்து உட்காருகிறான், சாப்பிடுகிறான், தட்டைக் கழுவி வைக்கிறான்.

ஊர்ச் சத்தமெல்லாம் வேண்டாம் தாயே, என் பிள்ளை சத்தம் ஒண்ணு போதும் என்று அவள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் பஸ்ஸில் அவள் குடை கீழே விழுந்தது. முன்சீட்டில் இருந்த காலேஜ் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி அதை எடுத்துக் கொடுத்தாள். அரியநாச்சி பார்த்தாள், அந்தப் பெண்ணின் பிடரியில் பச்சை குத்தின ஒரு கண் இருந்தது, அது அவளைப் பார்த்து ஒருமுறை இமைத்தது. குத்தின கண் பார்க்கிறது என்றால், குத்தின காது? அரியநாச்சியால் உட்கார முடியவில்லை, இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தே வீடு வந்து சேர்ந்தாள்.

முதலில் நாத்தனார் பேச்சியம்மாளிடம்தான் சொன்னாள். பேச்சி அடுத்த வீடு, வெண்கலத் தொண்டை.

"மதினி, இருக்கிற ரெண்டையே நாம ஒழுங்காக் கழுவுறதில்ல, மூணாவது எதுக்கு?" என்றாள் பேச்சி.

"கேக்கத்தான்."

"எங்க வைக்கப்போறீங்க?"

"கையில. பிள்ளை வாய்கிட்ட நீட்டிக்கலாம்ல."

பேச்சி யோசித்தாள். "அப்ப நாங்க பொறணி பேசுறப்ப கைய முந்தானைக்குள்ள வச்சுக்கிடணும். இப்பமே சொல்லிட்டேன்."

அம்மனிடம் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். யார் வீட்டுப் பிள்ளையோ எடுத்துக் கொடுத்ததில் வெள்ளை வந்தது. அம்மன் சம்மதித்த பிறகு மற்ற சம்மதமெல்லாம் தானாக வந்துவிட்டது. இனி ஆள் பார்க்க வேண்டியதுதான்.

பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அப்போது மூன்று டாட்டூக் கடைகள் இருந்தன. அரியநாச்சி நேராகக் கடைக்குப் போகவில்லை. பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பது போல, அவரவர் குத்தின உருவங்கள் ஊருக்குள் எப்படி இருக்கின்றன என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள், பேச்சியும் கூடவே வந்தாள். புலியும் மயிலும் குத்தினது பிரபாகர். மாடசாமியின் புலிக்கு ஒரு காலில் நகம் குறைந்து அது நொண்டியது. தவசியின் மயில் விரித்த தோகையை மடக்கத் தெரியாமல் வருஷக்கணக்கில் விரித்தபடியே நின்றது, "பாவம், அதுக்கு இடுப்பு வலிக்கும்" என்று அரியநாச்சி அதைத் தடவிக் கொடுத்தாள். டீச்சரின் ரோஜா மதுரையிலிருந்து வந்து ஏசி போட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர் குத்தினது; முகர்ந்து பார்த்தால் ரோஜா வாசனை இல்லை, பவுடர் வாசனை. மூன்றாவது செலின் என்ற பெண், தூத்துக்குடிக்காரி, டயர்க்கடை மாடியில் இருந்தாள், சின்னச் சின்ன உருவங்கள் மட்டும்தான் போடுவாளாம். தபால் ஆபீஸ் கோமதியின் முழங்கையில் அவள் போட்ட எறும்பு வரிசை இருந்தது. "மழை வரப்போகுதுன்னா மேல ஏறிப் போயிரும்க்கா, வெயிலடிச்சதும் இறங்கி வந்துரும், ஒருநாளும் கடிச்சதில்ல" என்று கோமதி சத்தமாகச் சொன்னாள்.

இருந்தாலும் ஒருவரையும் பார்க்காமல் ஒதுக்குவது பாவம் என்று அரியநாச்சி மூன்று பேரையும் போய்ப் பார்த்தாள். பிரபாகர் அவள் வாயைத் திறந்ததுமே மீதியை அவரே சொல்லி முடித்தார். "காதுதானம்மா, பக்கத்துல ஒரு சிங்கம் போட்டுருவோம், கம்பீரமா இருக்கும்." மதுரைக்காரர் உட்காரச் சொல்லி, ஒரு படிவத்தை நீட்டிவிட்டு, ஏசி சத்தத்துக்கு நடுவில் பேசிக்கொண்டே கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவர் வாய் எப்போது அசைந்தது, எப்போது நின்றது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை.

டயர்க்கடை மாடிப்படி ஏறி செலின் கடைக்குள் நுழைந்தபோது, அரியநாச்சி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, பேச்சியும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். செலின் அவள் முகத்தைப் பார்த்தாள், கழுத்தை அவள் சாய்த்திருந்த விதத்தைப் பார்த்தாள், எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து அரியநாச்சியின் இடது பக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள். அதற்கப்புறம் கேட்டாள். "சொல்லுங்கம்மா, யார் பேசுறதக் கேக்கணும்?"

பேச்சி வெளியே வந்து சொன்னாள், "என்னா மதினி, மத்த ரெண்டு கடையையும் இன்னொரு தடவ பாப்பமா?"

"வேண்டாம். இந்தப் பிள்ளைதான்."

செலின் உடனே மிஷினைக் கையில் எடுத்துவிடவில்லை. சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எதற்காவது தோல் தடிக்குமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். புது ஊசியை அவள் கண் முன்னாலேயே பொட்டலம் பிரித்துக் காட்டினாள். மை ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க மணிக்கட்டில் ஒரே ஒரு புள்ளி வைத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னாள். "காதை நாடிக்கு மேல வச்சிட்டா நாள் முழுக்க உங்க ரத்தம் ஓடுற சத்தம்தான் கேட்டுக்கிட்டு இருக்கும். சத்தமில்லாத இடமா பாக்கணும்." அந்தப் புள்ளி சும்மா இருக்கவில்லை. வாடகைக்கு வீடு பார்ப்பவர் மாதிரி அவள் கை முழுக்க நடந்தது. முதல் நாள் உள்ளங்கை வரை போய்த் திரும்பியது, மறுநாள் தோள் வரை ஏறியது, ஆறாம் நாள் முழங்கைக்கு இரண்டு விரல்கடை கீழே, புறங்கைப் பக்கம் போய் உட்கார்ந்தது, அதற்குப் பின் நகரவே இல்லை. செலின் அங்கே விரல் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அதுவே இடம் பாத்துருச்சும்மா."

நாள் குறித்தார்கள். செவ்வாய்க்கிழமை அரியநாச்சிக்கு விரதம், ஆனால் வெறும் வயிற்றோடு வரவே கூடாது என்று செலின் சொல்லிவிட்டதால் அதை அடுத்த புதனுக்கு மாற்றினார்கள். நன்றாகத் தூங்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வெயிலில் கையைக் காட்டக் கூடாது, அன்றைக்குக் கையில் மஞ்சள், எண்ணெய், சந்தனம் எதுவும் படக்கூடாது என்று செலின் எல்லாவற்றையும் தாளில் எழுதி, கூட வந்திருந்த செண்பகராஜிடம் கொடுத்தாள். அவன் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அந்த ஒரு வாரமும் அரியநாச்சி கால் தரையில் பாவாமல் நடந்தாள். குத்துபவளுக்கு எட்டும்படி கை தளர்ந்த ரவிக்கை ஒன்று தைத்தாள். கையைத் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஊறப்போட்ட பயறு முளைவிட்டதா என்று பார்ப்பவள் போல அடிக்கடி எட்டிப் பார்த்தாள். ஊருக்குள்ளும் அதே பேச்சுத்தான். காது என்று வந்துவிட்டால் கம்மல் போட வேண்டும், மூளிக்காது வீட்டுக்கு ஆகாது, கம்மல் போடுவதென்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் போட வேண்டும் என்று தெருப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். சாத்தூரிலிருந்து மாமா சங்கிலிமுத்துவுக்கு ஆள் போனது. எண்பத்தோரு வயது, தேங்காய் பழம் வெற்றிலை ஏழு தட்டோடு வந்து இறங்கினார். "உன்னைய மடியில வச்சா ரெண்டு பேரும் நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும் தாயி" என்றார். முழங்கையை மட்டும் மடியில் வைத்தால் போதும் என்று பெரியவர்கள் கூடித் தீர்த்து வைத்தார்கள்.

புதன்கிழமை விடிந்ததும் பேச்சி தலைமையில் பதினோரு பெண்கள் வந்து அரியநாச்சியை மனையில் உட்கார வைத்தார்கள். புதுக் காது பிறக்கப்போகிற கையைச் சும்மா அனுப்பலாமா? மஞ்சள் அரைத்து வந்தாயிற்று, நல்லெண்ணெய் காய்ச்சியாயிற்று, ஆளுக்கொரு கை பூசிக் குலவை போட்டார்கள். செண்பகராஜ் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு அத்தை பேச்சியிடம் சொன்னான். அத்தை குலவையில் இருந்தாள். மறுபடி அவள் தோளைத் தொட்டுச் சொன்னான். "இந்தா ஆச்சுய்யா, காப்பி வருது" என்றாள். மாமாவிடம் போய்ச் சொன்னான். அவர், "நல்லா இருக்கேன் பேராண்டி, முட்டிதான் லேசா வலி" என்றார். அம்மாவோ கண்ணை மூடி அம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் தாளைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டான்.

பத்து மணிக்கு டயர்க்கடை மாடிப்படி முழுக்க ஆட்கள். செலின் கையைப் பார்த்தாள். அது பழுத்த மாம்பழம் மாதிரி பளபளத்தது. அவள் சோப்புப் போட்டுக் கழுவினாள், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள், படம் வரைந்த தாளை ஒட்டி எடுத்தாள். காதுமடல் இல்லாத ஒரு காது வந்து வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி ஒட்டினாள்; ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காது வந்தது. எண்ணெய் தோலுக்குள் ஊறிவிட்டிருந்தது.

"இன்னைக்கு வேண்டாம்மா. ஒரு வாரம் போகட்டும்" என்று அவள் அரியநாச்சியின் இடது காதருகே வந்து சொன்னாள். அரியநாச்சிக்கு முகம் விழுந்துவிட்டது.

"இத முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல பிள்ள?" என்றாள் பேச்சி.

"தாள்ல எழுதிக் கொடுத்தேனேக்கா."

எல்லோரும் செண்பகராஜைப் பார்த்தார்கள். அவன் ஏதோ சொன்னான். படியில் நின்ற கூட்டம், "என்ன சொல்றான், என்ன சொல்றான்" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டது.

செலின்தான் சொன்னாள். "மூணு வாட்டி சொன்னாராம்."

சட்டென்று எல்லா வாயும் மூடிக்கொண்டன. பேச்சி தன் மஞ்சள் படிந்த உள்ளங்கையைப் பார்த்தாள். சத்தம் நின்றது அரியநாச்சிக்குத் தெரியாது, ஆனால் முகங்கள் தெரிந்தன. என்ன என்று செலினிடம் கேட்டாள், செலின் குனிந்து சொன்னாள். அரியநாச்சி மகனைப் பார்த்தாள். அவன் எப்போதும் போல, ஒன்றுமில்லை என்று தலையாட்டினான்.

"பாப்பா, இன்னைக்கே போட்டுரு" என்றாள் அரியநாச்சி. "கோணலா வந்தாலும் சரி, வலிச்சாலும் சரி. இவன் இன்னொரு வாரம் காத்திருக்க வேண்டாம்."

செலின் அந்தக் கையை விரலால் அழுத்திப் பார்த்தாள். "தாள் ஒட்டலைன்னா பேனாவால வரைஞ்சுதான் போடணும். பாத்து வரைய எதிர்ல ஒரு காது வேணும்."

பேச்சி கம்மலைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். மாமா தலைப்பாகையை அவிழ்த்து, "நம்ம வம்சத்துக் காது, தோள் வரைக்கும் தொங்கும்" என்று முன்னால் வந்தார். படியில் நின்ற தவசி, குருசாமி, கோமதி எல்லோரும் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். செலின் செண்பகராஜைக் கைகாட்டி உட்காரச் சொன்னாள்.

"அவன் காதுல என்ன விசேஷம்?" என்றார் மாமா, லேசான வருத்தத்தோடு.

"ஆடாம இருப்பார்" என்றாள் செலின்.

அவன் உட்கார்ந்தான், ஆடவில்லை. அவள் பேனாவால் வரைந்தாள், அழித்தாள், வரைந்தாள், பிறகு கையுறை மாற்றி ஊசியை எடுத்தாள். சின்னக் குச்சியால் கோலப்பொடி மேல் கீறுவது போல இருந்தது அரியநாச்சிக்கு. வலி இருந்தது, ஆனால் அவளுக்கு அது பிள்ளைப்பேற்று வலியின் ஜாதியாகத் தெரிந்தது, முடியும் என்று தெரிந்த வலி. முத்தாலம்மன் நூற்றியெட்டுப் பேரையும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு இருந்தாள். ஒரு மணி நேரத்தில் முழங்கைக்கு இரண்டு விரல்கடை கீழே மகனின் காது, மடிப்புக்கு மடிப்பு, மேல்விளிம்பில் அவனுக்கு இருக்கிற சின்னக் கிள்ளல் உட்பட வந்து நின்றது. கடைசியாகக் கம்மல். அரியநாச்சியின் முழங்கை மாமாவின் மடியில் இருந்தது. மாமா தன் நடுங்குகிற கையை செலினின் கையுறைமேல் வைத்தார், இரண்டு கையும் சேர்ந்து கம்மலாக ஒற்றைப் பொட்டை வைத்தன.

காது, அப்போதுதான் பிறந்த பிள்ளையின் கைவிரல் மாதிரி முதலில் சுருண்டு கிடந்தது. பிறகு சிவந்தது. பிறகு மெதுவாக விரிந்தது.

அரியநாச்சிக்கு முதலில் கேட்டது கூரைத் தகரத்தில் புறா நடக்கும் நகச்சத்தம். அப்புறம் கீழே டயருக்குக் காற்று ஏறுகிற சீற்றம், படியில் நிற்கிறவர்களின் மூச்சு, யாரோ புடவைத் தலைப்பைச் சரிசெய்கிற உரசல், ஒவ்வொன்றும் தனித்தனியாக, வரிசையில் நின்று உள்ளே வருவது போல வந்தன. "மதினி, கேக்குதா?" என்று பேச்சி குனிந்து ஒரு கத்துக் கத்தினாள், காது தொட்டாற்சிணுங்கி போலச் சட்டென்று மூடிக்கொண்டது. கூட்டம் பதறிப்போனது. பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு, பிறந்ததிலிருந்து அவளுக்குப் பழக்கமில்லாத ஒரு குரலில், "தாயே, நான் பேசல, நான் இனிமே பேசல" என்று கிசுகிசுத்தாள். அந்தக் கிசுகிசுப்புக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. படியில் நின்றவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அரியநாச்சி மாமாவின் மடியிலிருந்து கையை எடுத்து, மகன் முன்னால் நீட்டினாள்.

அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை பேர் தன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது அவன் வாழ்நாளில் இல்லை. தலை குனிந்து அந்தக் காதருகே வாயைக் கொண்டுபோனான். பிறகு கேட்டான்.

"வலிச்சுச்சாம்மா?"

அந்தக் குரல் அவளுக்குத் தெரிந்த குரலாகவும் இருந்தது, தெரியாததாகவும் இருந்தது. இரண்டு வருஷத்தில் அது கொஞ்சம் தடித்திருந்தது, அடியில் அவன் அப்பாவின் குரலில் ஒரு இழை ஓடியது, அது எப்போது வந்து சேர்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. இதெல்லாம் தனக்குத் தெரியாமலே தன் வீட்டுக்குள் நடந்திருக்கிறது. கையில் தண்ணீர் படக்கூடாது என்று செலின் சொல்லியிருந்ததால், கண்ணீரை மறு கையால் முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

"இல்லப்பா. நீ சொல்லு."

"என்ன சொல்ல?"

"அடுக்களை வாசல்ல உக்காந்துக்கிட்டு, ஒண்ணுமில்லம்மா ஒண்ணுமில்லம்மான்னு தலையாட்டுனியே. முதல் தடவ அப்படிச் சொன்னியே, அன்னைக்கு என்ன நடந்துச்சோ, அதுல இருந்து சொல்லு."

செலின் கையைச் சுற்ற எடுத்து வைத்திருந்த உறையை மேஜைமேல் திரும்ப வைத்தாள். செண்பகராஜ் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.